பூஞ்சை வகைப்பாடு படிப்பவர்களுக்கு: பெயர்ப் பட்டியலை மூடிவையுங்கள், மரத்தைப் படியுங்கள்

முதுநிலை நுண்ணுயிரியலில் பூஞ்சையியலைத் தள்ளிப்போடாதவர்கள் குறைவு. அதிலும் மரபணு அடிப்படையிலான வகைப்பாடு என்றால் தேர்வுக்கு முந்தின இரவுதான். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போன வருடம் ஒரு சிற்றினமாக இருந்தது இந்த வருடம் மூன்றாகிவிடுகிறது, யாருக்குத்தான் சலிப்பு வராது? பெயர்களை விட்டுவிட்டு, மரபணுக்களை ஒப்பிட்டு வரையும் உறவு மரங்களைக் கொண்டு அவற்றைப் பிரிக்கும் முறையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் வசப்பட்டது.

ஐ.டி.எஸ். பகுதியில், அதாவது ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள டி.என்.ஏ. துண்டுகளில் தொடங்குங்கள். 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்ற ரைபோசோம் மரபணுக்களுக்கு மூன்று பெட்டி வரைந்து, நடுவே உள்ள இரண்டு இடைவெளிகளுக்கு ஐ.டி.எஸ்.1, ஐ.டி.எஸ்.2 என்று பெயர் எழுதுங்கள். ரைபோசோம் மரபணுத் தொகுப்பு ஒரே செல்லில் பல நகல்களாக இருப்பதால், மாதிரி கொஞ்சமாக இருந்தாலும் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) எடுபடும். பெட்டிகள் அதிகம் மாறாதவை, அதனால் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமர் அங்கே ஒட்டும். இடைவெளிகள் முழுமையான ரைபோசோமில் இடம்பெறுவதில்லை, வெட்டி நீக்கப்படுகின்றன. அதனால் மாற்றங்கள் அங்கே எளிதாகத் தங்கிவிடுகின்றன. 2012இல் இந்தப் பகுதியைப் பூஞ்சைகளுக்கான பொது பார்கோடாக (இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டாக) முன்மொழிந்ததற்குக் காரணம் கேட்டால், இந்தப் படத்தைக் காட்டியே பேசிவிடலாம்.

ஆனால் பல விடைத்தாள்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நெருங்கிய உறவினங்களை ஐ.டி.எஸ். பல நேரம் பிரிக்காது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸையும் 2005இல் விவரிக்கப்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் லென்டுலஸையும் உறுதியாகப் பிரிக்க பீட்டா டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணு வேண்டும். லென்டுலஸ் அசோல் வகைப் பூஞ்சை மருந்துகளுக்குச் சரியாகப் பணியாது என்பதால் இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. ஃபியூசேரியத்துக்கு டி.இ.எஃப்.1 என்ற மரபணு. எந்தப் பேரினத்துக்கு எந்த மரபணு என்பதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், அதற்கு வேறு வழியில்லை.

அடுத்து எல்லாரும் தேடுவது ஒரு எண்ணை. எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனிச் சிற்றினம்? எல்லாப் பூஞ்சைக்கும் பொருந்தும் எண் எதுவும் கிடையாது. கேண்டிடா ஆரிஸின் நான்கு முக்கியக் கிளைகளுக்கு இடையே பல்லாயிரம் ஒற்றை டி.என்.ஏ. எழுத்து வேறுபாடுகள் இருக்கின்றன. இருந்தும் அது ஒரே சிற்றினம். ஆனால் தோலைத் தாக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேவை அதன் நெருங்கிய உறவினத்திலிருந்து ஐ.டி.எஸ்.ஸில் பிரித்துக் காட்டுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில எழுத்துகள். அதற்கு 2020இல் தனிப் பெயர் கிடைத்துவிட்டது.

அப்படியானால் கோடு எங்கே விழுகிறது? 2000இல் பூஞ்சையியலாளர் ஜான் டெய்லர் குழுவினர் விளக்கிய ஜி.சி.பி.எஸ்.ஆர். முறைதான் பாடத்தின் மையம்; பல மரபணுக்களின் மரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சிற்றினத்தைப் பிரிக்கும் முறை அது. ஆறு மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கால்மோடுலின் மரத்தில் 1, 2, 3 ஒரு கிளை, 4, 5, 6 இன்னொரு கிளை. டியூபுலின் மரத்திலும் அதே பிரிவு. ஆனால் முதல் கிளைக்குள் போனால், ஒரு மரத்தில் 1க்கும் 2க்கும் நெருக்கம், மற்றதில் 2க்கும் 3க்கும் நெருக்கம். உள்ளே மரபணுக்கள் கலந்துகொள்கின்றன, அதனால் மரங்கள் முரண்படுகின்றன. கிளைகளுக்கு இடையே கலப்பு இல்லை, அதனால் மரங்கள் ஒத்துப்போகின்றன. முரண்பாடு முடிந்து ஒற்றுமை தொடங்கும் இடம்தான் சிற்றின எல்லை. இதை ஒருமுறை உங்கள் கையாலேயே வரைந்துவிடுங்கள், பத்துப் பக்கம் படிப்பதைவிட மேல்.

நல்ல தேர்வாளர் அடுத்து கேட்பது: பூஞ்சை பாலினக் கலப்பே இல்லாமல் நகலெடுத்துப் பெருகினால்? அப்போது எல்லா மரபணுக்களும் கடைசிக் கிளைவரை ஒத்துப்போகும், ஒவ்வொரு கிளையும் தனிச் சிற்றினம்போலத் தெரியும். முறை அங்கே ஏமாற்றும். இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு, மனிதருக்கு நோய் தரும் கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்டை எத்தனை சிற்றினங்களாகப் பிரிப்பது என்ற விவாதம் தானாகப் புரியும்.

அந்த வரலாற்றைக் கால வரிசையில் படியுங்கள். முதலில் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸை எதிர்ப்பொருள் சோதனையால் பிரித்த ஏ, பி, சி, டி என்ற சீரோடைப்கள். ஏ வகைக்கு 1999இல் வெரைட்டி (சிற்றினத்துக்குள் ஒரு உட்பிரிவு) க்ரூபியை என்று பெயர் வந்தது, டி வகை வெரைட்டி நியோஃபார்மன்ஸ் ஆனது. பி, சி இரண்டும் 2002இல் கிரிப்டோகாக்கஸ் கேட்டியை என்ற தனிச் சிற்றினமாயின. கேனவனின் கலந்த சி.ஜி.பி. அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் கேட்டியை நீலமாக்கும், நியோஃபார்மன்ஸ் பொதுவாக ஆக்காது. ஆனால் கேட்டியைக்குள்ளேயே இருக்கும் பிரிவுகளை அந்த நிறம் காட்டாது. அதற்குத்தான் ஏழு மரபணு இடங்களின் டி.என்.ஏ. எழுத்து வரிசையை ஒப்பிடும் எம்.எல்.எஸ்.டி. முறை. 2015இல் மொத்தத்தையும் ஏழு சிற்றினங்களாகப் பிரிக்கலாம் என்றார்கள். 2017இல் இன்னொரு தரப்பு, பிரிக்க இந்த ஆதாரம் போதாது, இப்போதைக்குச் சிற்றினத் தொகுதி என்றே அழைப்போம் என்று மறுத்தது. ஏ, டி கலப்பினங்கள் நோயாளிகளிடமே கிடைப்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னைக் கேட்டால் 2017 தரப்பின் பக்கம்தான் சாய்வேன், ஆனால் விடைத்தாளில் இரு தரப்பையும் வைப்பதே பாதுகாப்பு.

தாவர நோயியல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தின் ஃபார்மா ஸ்பெஷியாலிஸ் என்பது எந்தச் செடியைத் தாக்குகிறது என்பதை வைத்து இட்ட பெயர், வம்சாவளியை வைத்து அல்ல. வாழையைத் தாக்கும் க்யூபென்ஸே என்ற வகை, உறவு மரத்தில் ஒரே கிளையாக வராது, பல இடங்களில் சிதறிக் கிடக்கும். நோயூட்டும் மரபணுக்களைச் சுமக்கும் சில குரோமோசோம்கள் ஒரு வம்சத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும் என்று தக்காளியைத் தாக்கும் வகையில் 2010இல் காட்டினார்கள். தாக்கும் செடியை வைத்த பெயரையும் வம்சாவளியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெயர் விஷயத்தில், பூஞ்சையின் பாலின வடிவத்துக்கு ஒன்று, பாலினமற்ற வடிவத்துக்கு ஒன்று என்ற இரட்டைப் பெயர் முறை 2013 தொடக்கத்தோடு போய்விட்டது. கேண்டிடா க்ரூசியைக்கு இப்போது பிச்சியா குத்ரியாவ்செவியை, கேண்டிடா கிளாப்ரேட்டாவுக்கு நாக்கசியோமைசஸ் கிளாப்ரேட்டஸ். ஆரிஸுக்கும் கேண்டிடோசைமா என்று 2024இல் புதுப் பேரினம் முன்மொழிந்திருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் பழைய பெயரை முதலில் சொல்லி, புதியதை உடனே சேர்த்துச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் எந்தப் பெயரில் படித்தவர் என்று முன்கூட்டியே தெரியாது.