முதியவருக்கு எந்த மயக்க மருந்து?

அறுவைக்கு முன் முதியவரின் பிள்ளைகள் மயக்கவியல் மருத்துவர்களிடம் பெரும்பாலும் கேட்பது, “எந்த மருந்து கொடுத்தால் அப்பா சீக்கிரம் எழுவார்?” என்பதே. நேரத்தை மட்டும் பார்த்தால் விடை எளிது. மூச்சு வழியே கொடுக்கும் மயக்க வாயுவான டெஸ்ஃப்ளுரேன் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரைவதால், செலுத்துவதை நிறுத்தியதும் நுரையீரல் வழியே விரைந்து வெளியேறிவிடும். இன்னொரு மயக்க வாயுவான செவோஃப்ளுரேன் பெற்றவரைவிட இதைப் பெற்றவர் சில நிமிடங்கள் முன்னதாகக் கண் திறப்பார். (புவியை வெகுவாகச் சூடாக்கும் வாயு என்று ஸ்காட்லாந்து 2023இல் இதைக் கைவிட்டபோது, அந்தச் சில நிமிடங்களுக்காக நான் வருந்தவில்லை.)

நான் அஞ்சுவது அடுத்த இரண்டு மூன்று நாட்களைத்தான். இடமும் நேரமும் பிடிபடாமல் பேசுவது, இரவில் ஊசிக்குழாயைப் பிடுங்குவது, அல்லது யார் கண்ணிலும் படாதபடி சோர்ந்து கிடப்பது என்று பல முகம் காட்டும் டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம், முதியவரின் மீட்சியை வாரக்கணக்கில் பின்னுக்குத் தள்ளிவிடும். வாயுவுக்குப் பதிலாக, ஊசி வழி மயக்க மருந்தான புரொப்போஃபாலை மட்டுமே சிரை வழியாகத் தொடர்ந்து செலுத்தினால் குமட்டலும் வாந்தியும் குறைவது உறுதி; டெலிரியமும் குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

மயக்கமே வேண்டாம், முதுகில் ஊசி போட்டால் போதும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையேயும் வேரூன்றியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து, 2021இல் வெளியான ரீகெயின் ஆய்வில், முதுகு ஊசி பெற்றவர்களில் 20.5 விழுக்காட்டினருக்கும் முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 விழுக்காட்டினருக்கும் டெலிரியம் வந்தது. இன்னொரு மயக்க மருந்தான கெட்டமினும் கைகொடுக்கவில்லை: 2017இல் வெளியான போட்காஸ்ட் ஆய்வில் டெலிரியம் குறையாததோடு, மாயக்காட்சிகளும் கெட்ட கனவுகளும் கூடின.

உறக்கமூட்டும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் சற்று நம்பிக்கை தருகிறது. இதயம் சாராத அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 65 வயதும் அதற்கு மேலும் ஆன 700 பேரில் பாதிப்பேருக்குச் சீனாவில் இதை மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது, பெறாதவர்களில் 23 விழுக்காட்டினருக்கு வந்த டெலிரியம், பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கே வந்தது. ஆனால் இதய அறுவையில் செய்த டெக்கேட் ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கும் மருந்து என்பதால் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

மருந்தின் பெயரைவிட அளவே பெரிது என்பது என் கணிப்பு. நாற்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 6 விழுக்காடு வீதம் மயக்க வாயுவின் தேவை குறைகிறது. முதியவரின் இரத்த ஓட்டமும் மெதுவானது என்பதால் மருந்து மூளையைச் சேரத் தாமதமாகும். புரொப்போஃபாலைச் செலுத்திய கையோடு, இன்னும் உறங்கவில்லையே என்று இரண்டாவது முறை செலுத்துபவர், அடுத்த நிமிடம் சரியும் இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த வேறொரு மருந்தைத் தேட வேண்டியிருக்கும்.