மிஸ்டு கால் கொடுத்தால் எரியும் விளக்கு

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஊர் நெருங்க நெருங்கக் காடு விலகித் தேயிலை விரிகிறது. 1890களில் மழைக்காட்டை வெட்டித் தொடங்கிய தோட்டங்கள் இன்று 220 சதுர கிலோமீட்டர் அளவுள்ள மேட்டுநிலத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். கேரளப் பக்கம் பறம்பிக்குளமும் வாழச்சாலும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக வேண்டுமென்றால் யானைக்கும் தேயிலை வழிதான். பகல் முழுவதும் நடு ஆறு, சோலையாறு ஓரங்களிலும், தோட்டங்களுக்கு இடையே தப்பிப் பிழைத்த சோலைகளிலும் நிற்கும். இருட்டத் தொடங்கியதும் கிளம்பும். சிக்கல் என்னவென்றால், வேலை முடித்துக் கடைவீதிக்குப் போன மனிதர்களும் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடக்கிற நேரம் அதுதான்.

நல்லமுடி காட்சி முனை, சோலையாறு அணை எல்லாவற்றையும் நானும் பார்த்தேன். அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது, இங்கே மனிதர்களும் யானைகளும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காகச் செய்திருக்கும் ஏற்பாட்டை.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இந்த யானைகளின் பின்னால் நடந்திருக்கிறார்கள். யானை தாக்கி இறந்தவர்கள் எங்கே, எந்த நேரத்தில், எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறார்கள். பெரும்பாலான மரணங்களில் காரணம் ஒன்றே: எதிரே யானை நிற்பது அவர்களுக்குத் தெரியாது. யானை ஊருக்குள் தேடி வந்து கொன்றது என்று செய்தியாகிறதே, அதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தெரியாததுதான் காரணமென்றால், வேலி போடுவதையும் வெடி போட்டு விரட்டுவதையும் விடத் தெரியப்படுத்துவதே சரியான வைத்தியம். முதலில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் திரையின் அடியில் ஓடும் வரியாக யானை நிற்கும் இடத்தைச் சொன்னார்கள். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. இந்த வேலைக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் வழங்கப்படும் விட்லி விருது கிடைத்தது.

நான் பார்க்க ஆசைப்பட்டது இவற்றோடு சேர்ந்த இன்னொரு ஏற்பாடான சிவப்பு விளக்கை. தோட்டத்துச் சாலையில் மேடான ஓர் இடத்தில் கம்பம் ஒன்று நிற்கிறது. அதில் ஒரு பெட்டி, உள்ளே சிம் கார்டு, உச்சியில் எல்இடி விளக்கு. அவ்வளவுதான். அருகில் யானை வந்திருப்பது தெரிந்தால், எண்ணைப் பதிவு செய்து வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் தன் கைப்பேசியிலிருந்து அந்த சிம்மை அழைப்பார், விளக்கு எரியும். யானை போய்விட்டால் மறுபடியும் ஓர் அழைப்பு, அணைந்துவிடும். பகலில் பார்த்தால் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் தோன்றும். பெட்டியின் அடியில் சிலந்தி வலை பின்னியிருந்தது. கம்பத்தில் யாரோ சுண்ணாம்பைத் தடவியிருந்தார்கள்.

மாலையில் டவுனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் அடுத்தடுத்து நாலைந்து கைப்பேசிகள் ஒலித்தன. முன் இருக்கையில் இருந்த அம்மா செய்தியைச் சத்தமாகவே படித்தார்: எந்தத் தோட்டம், எந்தப் பகுதி, எத்தனை யானைகள். உடனே பஸ்ஸுக்குள் ஒரு சின்னப் பஞ்சாயத்து. யார் எங்கே இறங்குவது, யார் யாருடன் சேர்ந்து போவது, யாரிடம் டார்ச் இருக்கிறது. இரண்டு பெண்கள் தங்கள் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய் மறுபக்கமாக நடப்பது என்று முடிவானது. கண்டக்டர் அதற்குக் கூடுதலாக டிக்கெட் கேட்கவில்லை.

"முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிய பிறகுதான், நீ வந்த வழியில் யானை நின்றதாமே என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள் தம்பி" என்றார் அந்த அம்மா.

இப்போது இந்தத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் நிறைய. தமிழ்ச் செய்தியை அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? பஸ்ஸில் இருந்த ஜார்க்கண்ட் இளைஞன் ஒருவனிடம் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். எதிர்ச் சரிவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த விளக்கின் மேல் மதிப்பு கூடியது அப்போதுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அரிசி, பருப்பு வாசனைக்கு ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் யானை உடைப்பதை எந்தக் குறுஞ்செய்தியும் தடுக்காது. சிறுத்தையின் கதை இன்னும் வேறு. யானைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து எண்ணலாம். புதரில் பதுங்கும் சிறுத்தையை யார் பார்த்து யாருக்குச் சொல்வது? 2025 ஜூனில் பச்சைமலை தோட்டத்தில் ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவரின் சின்னஞ்சிறு மகளைச் சிறுத்தை தூக்கிப் போனது. வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டுவது, வீட்டோடு கழிப்பறை, தெருவிளக்கு. அங்கே தேவைப்படுபவை இவைதான். இவற்றை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லிப் படம் எடுத்துப் போடுவதில்லை.

திரும்பும்போது பாலக்காடு போய்க் கோவைக்கு ரயில் பிடித்தேன். சுற்று வழிதான். ஆனால் வாளையாறு - எட்டிமடை பாதையைப் பார்த்தாக வேண்டும் என்றிருந்தது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே இந்தப் பாதையில் ஒரே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களை எழுப்பிக் கேமராக்களைப் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கின. வெப்பத்தை உணரும் கேமராக்கள் என்பதால் இரவிலும் யானையைக் கண்டுகொள்ளும். செயற்கை நுண்ணறிவு அது யானைதான் என்று அடையாளம் கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகிறது. அங்கிருந்து ரயில்வேக்கும் வனப் பணியாளர்களுக்கும். செலவு ஏழு கோடி ரூபாய்க்கு மேல். வால்பாறை விளக்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் வேலை ஒன்றுதான்: யானையை அதன் போக்கில் விட்டு, மனிதரை நிறுத்துவது. ஓடும் ரயிலை நிறுத்தப் பஸ்ஸுக்குள் பஞ்சாயத்து போதாது என்பதால் கோடிகளும் தேவைப்படுகின்றன. அந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஓரிடத்தில் ரயிலின் வேகம் குறைந்தது. மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது. எதிர் இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். கோபுரத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"மெதுவாகப் போகட்டும் சார். ஆனால் இதை முன்பே யாராவது அறிவித்திருக்கலாமே" என்றார்.