துருப்பிடித்த கிராங்க்

கடந்த மூன்று ஞாயிறும் எனக்குப் பாரம்பரிய ரயில் பாதையின் பழைய கேபினில், அதாவது சிக்னல்களை லீவரால் இயக்கும் அறையில்தான் போனது. கைகாட்டியை இழுக்கும் கம்பி பெரிய வேலையில்லை, வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், திருகி இறுக்கினால் சரி. ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட்தான் உயிரை வாங்குகிறது. அதைத் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்பதால் கம்பி உதவாது, கேபினிலிருந்து பாயிண்ட் வரை இரும்புத் தண்டு போகிறது. அதுவும் வெயிலில் நீளும் இல்லையா? அதற்காக நடுவில் ஒரு கிராங்க், அதாவது ஒரு முளையில் சுழலும் இரும்புக் கை வைத்து, இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் இழுக்கும்படி செய்திருப்பார்கள், இரு பக்க நீட்சியும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எவ்வளவு அழகான யோசனை! எங்கள் கிராங்கின் முளை துருவேறி இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லத் தட்டித் தட்டித்தான் கழற்றினோம்.

அப்புறம் இன்டர்லாக்கிங், அதாவது பாயிண்டையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பிணைக்கும் ஏற்பாடு. இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் சாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை வாங்கிய அதே அடிப்படைதான்: பாயிண்ட் சரியாக அமையாமல் கைகாட்டி லீவர் அசையாது. நேற்று பாயிண்டின் நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடுக்கில் ஒரு இரும்புத் துண்டை வைத்துச் சோதித்தோம். பாயிண்டை அசையாமல் பிடிக்கும் பூட்டு விழவில்லை. நாக்கு முழுதாக ஒட்டாதபோது விழக்கூடாது. துண்டை எடுத்ததும் ‘டக்’கென்று விழுந்தது.