கறுப்பாக வந்த படம்

எம்.பி.சி. என்ற வேதிப்பொருளின் பொடி எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது நவம்பரில். சென்னையில் அடைமழை. பாட்டிலில் இருந்தது 5 கிராம்தான், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்துவிட்டேன். குளிர்ந்த பொடியில் காற்றின் ஈரம் இறங்கி, மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி கட்டி தட்டிப்போனது. "பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்தப்புறம்தான் திறக்கணும்னு தெரியாதா?" என்று சீனியர் அக்கா தலையில் கைவைத்தார்.

இந்தப் பொடிக்குத் தண்ணீர்மேல் அப்படி ஓர் ஆசை. நம் செல் சவ்வின் வெளிப்பக்கத்தில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறின் தலைப்பகுதியை மட்டும் எடுத்து, பாலிமராக, அதாவது நீண்ட சங்கிலியாகக் கோக்க முடிகிற மூலக்கூறில் பொருத்தினால் எம்.பி.சி. அந்தத் தலையில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சேர்ந்தே இருப்பதால், அது தண்ணீரைச் சுற்றி வைத்துக்கொள்ளும். ரத்தப் புரதங்கள் வந்து ஒட்டாது. ஜப்பானில் நகபயாஷி குழு 1970களில் தொடங்கிய வேலை இது. சுத்தமாகத் தயாரிக்கும் வழியை 1990இல் இஷிஹாராவும் அவரும் வெளியிட்டார்கள். இன்று காண்டாக்ட் லென்ஸிலும் செயற்கை இடுப்பு மூட்டிலும் இருக்கிறது.

எனக்கு வேண்டியது அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படலம். எம்.பி.சி.யை மட்டும் வைத்துச் செய்தது தண்ணீரில் ஊதிப்போய் நுங்குபோல ஆனது. இடுக்கியால் தூக்கியதும் இரண்டாகக் கிழிந்தது. சரி, உறுதிக்கு ஹெமா (மென்மையான காண்டாக்ட் லென்ஸ் செய்யும் மூலப்பொருள்) சேர்ப்போம் என்று 7 பங்கு ஹெமா, 3 பங்கு எம்.பி.சி. எடுத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்பியும், ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டியும் கொஞ்சம் கலந்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி, புற ஊதா விளக்கின்கீழ் வைத்தேன். நடுவில் இறுகியது, ஓரமெல்லாம் பாகு. ஆக்சிஜன் வினையைத் தடுத்திருக்கிறது. அடுத்த முறை கரைசலில் நைட்ரஜனை அரை மணி நேரம் குமிழவிட்டேன். இறுகிவிட்டது!

தகட்டிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. பிளேடை விட்டுக் கெல்லியதில் மூலை பிய்ந்தது. வெறுத்துப்போய்த் தகட்டோடு தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால், படலம் ஊறிப் பெருத்துத் தானே கழன்று மிதந்துகொண்டிருந்தது. வினைபுரியாமல் மிஞ்சியது வெளியேற, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன்.

அப்புறம் புரதச் சோதனை. பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதத்தின் கரைசலில் ஊறவைத்து, அலசி, மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தேன். முழுக்கக் கறுப்பு. புரதம் ஒட்டவே இல்லை! குதிக்காத குறையாகச் சாரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"விளக்கைப் போட்டியாம்மா?"

வெறும் ஹெமா படலத்தில் ஒரு துண்டு, என்னுடையதில் ஒரு துண்டு, இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊறவைத்து, ஒரே ஸ்லைடில் ஒட்டினாற்போல் வைத்து மறுபடி எடுத்தேன். இடப்பக்கம் ஹெமா, மங்கலான பச்சை. வலப்பக்கம் என்னுடையது, இருட்டு. இந்த முறை சார் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. இதே மாதிரி இன்னும் இரண்டு படலம் போடச் சொன்னார். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை.