வாசருக்குக் கீழே பிடித்த கறள்

கடல்மீன் தொட்டிக்கு மேலே விளக்கைத் தாங்க ஒரு சட்டம் செய்யப்போய் வந்த வேலை இது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யன்னல் கம்பியில் இருந்து ஏசியின் வெளிப்பெட்டி வரை உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. தொட்டிக்கு மேலேயும் அதே கதைதான். குமிழி வெடிக்கும் இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். சட்டம் அலுமினியம், சரி. அதை எந்தப் போல்ட்டால் பூட்டுவது? போட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய சோனகத் தெருவில் கேட்டால் எல்லாமே 'ஸ்டெயின்லஸ்'தான். "காந்தம் ஒட்டாது தம்பி, அசல் சாமான்" என்று ஒரு நானா காந்தத்தை வைத்தே காட்டினார். அந்தச் சோதனை 430 என்ற ஸ்டெயின்லஸ் ரகம் போன்ற, காந்தம் ஒட்டும் மலிவுச் சாமானைப் பிடித்துக் கொடுக்கும். ஆனால் 304, 316 என்ற இரண்டு நல்ல ரகங்களுக்கும் இடையில் வித்தியாசம் சொல்லாது. போதாக்குறைக்கு, குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய போல்ட் என்றால் நல்ல 304 கூட இலேசாக இழுபடும். தலையில் பொறித்திருப்பதைப் பார்ப்பதுதான் உருப்படியான வழி: ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. 304இல் குரோமியம் சுமார் 18 வீதம், நிக்கல் 8 வீதம். 316இல் நிக்கல் கொஞ்சம் கூட, அதோடு 2 முதல் 3 வீதம் மொலிப்டினம். விலை வித்தியாசம் அங்கேதான்.

மூன்று ஜாம் போத்தல்களில் தொட்டித் தண்ணீரையே எடுத்தேன். வெறும் உப்புக் கரைசலைவிட உயிருள்ள கடல்நீர் ஸ்டீலைக் கூடுதலாகச் சோதிக்கும்; மேலே படியும் நுண்ணுயிர்ப் படலம் அரிப்பைத் தூண்டிவிடும். ஒன்றில் 304, ஒன்றில் 316, வாசர் எதுவும் இல்லாமல் முழுக்க மூழ்கவிட்டேன். மூன்றாவதில் இரண்டு வகையையும் ரப்பர் வாசர் போட்டு அக்ரிலிக் துண்டில் இறுக்கி வைத்தேன். எல்லாவற்றுக்கும் சின்னக் காற்றுப் பம்பு. இன்னொரு சோடி பல்கனிக் கம்பியில், வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேல் காற்றுக்கு நேரே.

சும்மா மூழ்கிக் கிடந்த 316 கடைசிவரை புதிதுபோலவே இருந்தது. 304இன் மரைப்பள்ளத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கோடு. மூன்றாவது போத்தலில்தான் விஷயம். வெளியே பார்த்தால் 316 பளபளவென்று இருக்கிறது, வாசரின் ஓரத்தில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கசிவு. கழற்றினேன். ரப்பர் அமர்ந்த வட்டத்துக்குள் ஊசியால் குத்தினது போன்ற குழிகள், நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழம். 304இல் அதே இடம் கறுத்துச் சொரசொரத்துப்போயிருந்தது.

ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள சில நனோமீற்றர் தடிப்பான குரோமிய ஒட்சைட்டுப் படலம். கீறல் விழுந்தால் தண்ணீரில் உள்ள ஒட்சிசனைப் பிடித்துத் தானே மூடிக்கொள்ளும். வாசருக்குக் கீழே தண்ணீர் நகராது, அங்குள்ள ஒட்சிசன் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும். கரையும் உலோக அயன்கள் நீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, குளோரைட்டும் உள்ளே இழுபட்டுச் சேரும். கடல்நீரில் ஏற்கெனவே லீற்றருக்குச் சுமார் 19 கிராம் குளோரைட்டு. மொலிப்டினம் இந்தத் தாக்குதலைத் தள்ளிப்போடும், தடுக்காது. 28 பாகைச் சூட்டில் கிடக்கும் எங்கள் தண்ணீருக்கு 316 போதாது என்பதுதான் என் முடிவு, கடைக்காரர் 'மரைன் கிரேட்' என்று எவ்வளவு சொன்னாலும்.

பல்கனியில் மழையில் நனைந்த பக்கம் பரவாயில்லை. மழை படாத கீழ்ப்பக்கம்தான் பழுப்பேறியது. துளி காயக் காய உப்பு செறிகிறது, ஆனால் முழுதாகக் காய்வதே இல்லை. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு ஏறக்குறைய 33 வீத ஈரப்பதனிலேயே காற்றிலிருந்து நீரை இழுக்கும். கொழும்பில் காற்று அந்த அளவுக்கு எங்கே காயப்போகிறது? 316இல் இந்தக் கறை மேலோட்டமானதுதான். சித்திரிக்கமிலக் கரைசலில் ஊறவைத்து நல்ல தண்ணீரில் கழுவ, போய்விட்டது. இரும்புக் கம்பித் தூரிகையை மட்டும் கிட்ட எடுக்காதீர்கள். அதன் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே கறள் பிடிக்கும்.

இப்போது தண்ணீருக்குக் கீழே உலோகமே இல்லை, எல்லாம் நைலோன் போல்ட். கறளைவிட, கரையும் நிக்கலும் ஏனைய உலோகங்களும் பவளத்துக்கும் இறாலுக்கும் ஆகாது என்ற பயம்தான் அதற்குப் பெரிய காரணம். மேலே 316, அலுமினியத்தோடு நேரே தொடாமல் நைலோன் உறை போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் ஸ்டீல் தப்பி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். உறைக்கும் போல்ட்டுக்கும் இடையிலும் ஒரு இடுக்கு இருக்கிறதுதான். அதைச் சிலிக்கோனால் அடைத்த ஒரு மாதிரியை மூன்றாவது போத்தலில் போட்டிருக்கிறேன். அடுத்த பதிவில் அதைக் கழற்றிப் படம் போடுகிறேன்.