பம்பரப் பாட்டும் மேக அட்டையும்

“நான் கேட்டது பண்டிகையைப் பற்றி இல்லை அம்மா, ஓசையைப் பற்றி” என்று என் இசை வகுப்பில் ஒரு சிறுமியிடம் சொன்ன பதிலை, அதற்குப் பின் இரண்டு ஹனுக்காக்கள், அதாவது யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருநாள்கள், வந்து போன பிறகும், எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்ன பொருளில் தவறில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது; ஆனாலும் மனம் ஆறவில்லை.

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேலை இசையின் இரு ஸ்வர வரிசைகளான மேஜர், மைனர் இரண்டின் வேறுபாட்டைக் காட்ட ‘ஸெவிவோன் ஸோவ் ஸோவ் ஸோவ்’ என்னும் பம்பரப் பாட்டை எடுத்திருந்தேன். மேஜர் என்றால் மகிழ்ச்சி, சூரிய அட்டை. மைனர் என்றால் சோகம், மேக அட்டை. பாட்டு மைனரில் அமைந்தது, நம் கர்நாடக இசைக் கணக்கில் அதன் மூன்றாம் ஸ்வரம் ‘சாதாரண காந்தாரம்’. அவள் சூரியனைத் தூக்கினாள். மறுபடி வாசித்தேன், மறுபடியும் சூரியன். “ஆனால் டீச்சர், இது ஹனுக்காப் பாட்டு” என்றாள். என் பதிலைக் கேட்டதும், பக்கத்துப் பையனின் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, சூரியனை மடியில் கவிழ்த்து வைத்து, மேகத்தை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டின் சொற்களே இது மக்களுக்கு மகிழ்ச்சித் திருநாள் என்கின்றன. மாறாக, விளக்கேற்றியதும் பாடும் ‘மாவோஸ் ட்சூர்’ எகிப்து, பாபிலோன், யூதரை அழிக்கப் பார்த்த ஆமான், கிரேக்கர் என்று யூதர்கள் பட்ட துன்பங்களையும் மீண்டதையும் வரிசையாகச் சொல்வது. பரவலாகப் பாடப்படும் அதன் மெட்டோ ஜெர்மானிய நாட்டார் பாடல்களிலிருந்து வந்த மேஜர். என் அட்டைகளின்படி எட்டு இரவும் சோகத்தைப் பாடிப் பம்பரம் விட்டு, துன்பத்தைச் சிரித்துக்கொண்டே பாட வேண்டும். இதை நான் அறியாதவள் அல்லள். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை பாடி வளர்ந்தவள் நான். அதற்கு எந்த அட்டையை நீட்டுவது என்று என்னைக் கேட்டால் விழித்திருப்பேன். அந்த அறிவை ஏன் வகுப்புக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த முறை பலன் தந்தது. வசந்தத்தில் வரும் பஸ்கா பண்டிகைக்குள் அந்த வகுப்பில் எல்லோரும், பியானோவில் ஒரே ஒரு கட்டையை இறக்கி வாசித்தாலும், வேறுபாட்டைப் பிடித்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் மூன்றாம் ஸ்வரத்தின் இடைவெளியை வேறு எப்படிச் சொல்வது? இவ்வாண்டு படங்களை நீக்கி, சிவப்பும் நீலமுமாக வெறும் நிற அட்டைகளைக் கொடுத்தேன். யாரும் எதையும் தவறாக உணரவில்லை, ஆனால் பாதிப் பேருக்கு வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை. எதை இழந்து எதைப் பெற்றேன் என்பதில் எனக்கே தெளிவில்லை.

என்னை உறுத்துவது உண்மையில் அந்த ஹனுக்கா வகுப்புக்கூட அல்ல, மூன்று மாதம் கழித்து, பூரிம் என்னும் இன்னொரு யூத மகிழ்ச்சித் திருநாளை ஒட்டி வந்த வகுப்பு. ஒரு மைனர் மெட்டைத் தொடங்கினேன். இரண்டாவது சுரம் விழுவதற்குள் அவள் மேகத்தைத் தூக்கிவிட்டாள், கண்கள் என் முகத்தின் மேல் இருக்க. மிகச் சரி என்று பாராட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு முறை வாசித்திருக்கலாம்.