கெண்டை மேட்ச்: கடைசி ஒன்றரை மணி நேரத்துக்காகக் காத்திருந்த நாள்

கெண்டை பிடிக்கும் தூண்டில் போட்டியில் நான் பிடித்த மொத்த எடை 74 பவுண்டு 6 அவுன்ஸ், அதாவது 33 கிலோ 700 கிராம் சொச்சம். குளக்கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்ததில், எட்டுப் பேர் கொண்ட என் செக்‌ஷனில் இரண்டாவது, 24 பேர் உட்கார்ந்த குளத்தில் மொத்தமாக ஏழாவது. ஜெயித்தவர் 131 பவுண்டு பிடித்தார், அந்தக் கணக்கில் நான் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் இந்த வருஷம் தொடங்கும்போது நான் வைத்துக்கொண்ட இலக்கு, செக்‌ஷனில் பாதிக்கு மேல் வர வேண்டும் என்பதுதான். அது நடந்துவிட்டது. எப்படி நடந்தது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தில் இந்த மாதிரிக் குளங்களைக் ‘கமர்ஷியல்’ என்பார்கள். 1980களின் கடைசியிலும் 90களிலும் பண்ணைக்காரர்கள் பலர் நிலத்தைத் தோண்டிக் குளமாக்கி, கெண்டையை நெருக்கமாக விட்டு, நாள் கட்டணத்துக்குத் தூண்டில் போட அனுமதித்தார்கள். மேட்ச் மீன்பிடிப்பு ஆறுகளிலிருந்தும் கால்வாய்களிலிருந்தும் பெருமளவு இங்கே நகர்ந்துவிட்டது. 1994-ல் தொடங்கிய ஃபிஷ் ஓ மேனியா என்ற தூண்டில் போட்டியின் இறுதிச் சுற்று ஸ்கை ஸ்போர்ட்ஸில் நேரலையாகவே வந்திருக்கிறது. நான் போனது அந்த அளவுக்கெல்லாம் இல்லை. வாரிக்‌ஷயரில் ஒரு பண்ணைக் குளம், ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் மேட்ச், யார் வேண்டுமானாலும் காசு கட்டிச் சேரலாம். 10 மணிக்கு ஆரம்பம், 4 மணிக்கு முடிவு. பிடித்த மீனையெல்லாம் கரையோரம் தண்ணீருக்குள் தொங்கும் நீளமான கீப்நெட்டில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடைபோட்டு, அப்படியே குளத்தில் விட்டுவிட வேண்டும். அம்மா போனில் ஒவ்வொரு தடவையும் கேட்கும் கேள்வி இதுதான்: “வீட்டுக்கு ஒண்ணுகூடக் கொண்டுவர மாட்டியா? அப்புறம் எதுக்குடா போறே?” எடுத்துக்கொண்டு போனால் இங்கே அது திருட்டுக் கேஸ் என்று சொல்லியாயிற்று. அம்மா நம்பவில்லை.

மீன் நமக்குப் புதிதல்ல. 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட கண்ணாடிக் கெண்டைதான் இங்கேயும். அதோடு சாதாக் கெண்டை, அப்புறம் ‘எஃப்-ஒன்’ என்கிற கலப்பினம். எஃப்-ஒன் சிறியது, ஒன்றரை இரண்டு பவுண்டு தேறும். கடிப்பதே தெரியாத மாதிரி கடிக்கும், ஆனால் குளிரிலும் இரை எடுக்கும். வாரிக்‌ஷயரிலேயே டனல் பார்ன் ஃபார்ம் இதற்குப் பேர்போன இடம்.

குலுக்கலில் எனக்கு வந்தது 17-ஆம் பெக் (உட்கார்ந்து தூண்டில் போடும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), மேற்குக் கரையின் நடுவில். காற்று தென்மேற்கிலிருந்து, முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்வதற்குச் சுகம், மீனுக்கு ஆகாது. ஜூன் மாதத்து வெதுவெதுப்பான மேல்தண்ணீரைக் காற்று எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும், கெண்டையும் பின்னாலேயே போகும். எதிர்க்கரையில் அலை அடிக்கும் மூலையை எடுத்தவர்தான் கடைசியில் ஜெயித்தார். குலுக்கலைப் பற்றிப் புலம்புகிறவர்களைக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது, அதனால் நான் புலம்பவில்லை. என் பெக்கிலும் ஒரு நல்லது இருந்தது. இடது பக்கத்து மேடை காலி. அதை ஒட்டி ஒரு கோரைப் புதர். அந்தப் பக்கம் பத்து மீட்டருக்கு யாரும் காலடி எடுத்து வைக்கப் போவதில்லை.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. போல் என்பது ரீல் இல்லாத கார்பன் கழி, துண்டு துண்டாகச் செருகினால் 13 மீட்டர் வரும். நுனித்துண்டுக்குள் எலாஸ்டிக் ஓடும், நரம்பை அதில் கட்ட வேண்டும். மீன் மாட்டினால் எலாஸ்டிக் நீண்டு கொடுக்கும். நாம் கழியைப் பின்னால் இருக்கும் உருளைமேல் இழுத்து, நுனித்துண்டை மட்டும் கழற்றி, மீனைக் கைவலைக்குள் கொண்டுவர வேண்டும். பார்க்கச் சாவகாசமாகத்தான் இருக்கும். ஐந்து பவுண்டுக் கெண்டை கோரைக்குள் ஓடும்போது செய்து பார்க்க வேண்டும்.

ஆரம்ப விசிலுக்கு முன் முள்ளில் ஈயக்குண்டை மாட்டி ஆழம் பார்ப்பதில்தான் நேரம் முழுவதும் போனது, போகட்டும் என்று விட்டேன். கரையிலிருந்து 5 மீட்டரில் ஐந்தடி ஆழம். 13 மீட்டரில் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. இடது ஓரம்தான் முக்கியம். கோரையை ஒட்டினாற்போல் சரிவு, ஈயம் விட்ட இடமெல்லாம் வேறு ஆழம். கோரையிலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளினால் இரண்டடியில் தட்டையான தரை. சரிவில் இரை போட்டால் உருண்டு போய்விடும், மீனும் அதன் பின்னால் போய்விடும். தட்டை கிடைத்த இடத்துக்கு நேராக, அக்கரையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன்.

விசில் ஊதியதும் 5 மீட்டரில் ஆரம்பித்தேன். 4 மி.மீ. பெல்லட்டை, அதாவது மீன் தீவன உருண்டையை, சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி இறக்கிவிட்டு, முள்ளில் ஊறவைத்த பெல்லட். முதல் மணியில் மூன்று எஃப்-ஒன், சேர்த்து ஆறு பவுண்டு இருக்கும். வலப்பக்கத்து பெக்கில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர், நல்ல மனுஷர். அவரும் அதே கதியில்தான் இருந்தார்.

11 மணிக்கு 13 மீட்டருக்குப் போனேன். அங்கே முதலிலிருந்தே கவட்டையால் 6 மி.மீ. பெல்லட் அடித்துக்கொண்டிருந்தேன், தடவைக்கு ஆறு ஏழு உருண்டைதான். சின்ன ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு கெட்டி பெல்லட்டை மாட்டி, அந்த வளையத்தில் முள்ளைக் கோத்து இறக்கினேன். அடுத்த இரண்டு மணி நேரம் நன்றாகப் போனது. எட்டு மீன், ஒவ்வொன்றும் சராசரி மூன்று பவுண்டு. பெல்லட் தண்ணீரில் விழும் சத்தமே மீனைக் கூப்பிடுகிறது. சத்தம் வேண்டும், வயிறு நிரம்பக் கூடாது.

1 மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அங்கே கடி நின்றது. மேல்மட்டத்தில் நிழலாக மீன் தெரிந்ததால் இரண்டடி ஆழத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மூன்றுதான்.

இந்த நேரத்தில்தான் நாளின் முக்கியமான விஷயம் நடந்தது, ஆனால் அது தூண்டில் போடாத இடத்தில். கெண்டைக்குச் சாயங்காலமாக ஆக ஓரத்துக்கு வரும் பழக்கம் உண்டு. கரையில் நடமாட்டம் அடங்கிவிடும், காலையிலிருந்து எல்லோரும் கொட்டிய மிச்சமும் அங்கே கிடக்கும். எனவே எல்லோரும் கடைசியில் ஓரத்துக்குத்தான் வருவார்கள். எப்போது வருவது, எவ்வளவு போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. பெரிய கிண்ணம் நிறைய ஒரே தடவையாகக் கொட்டிவிட்டுக் காத்திரு என்பார்கள் சிலர். மீன் கூட்டமாக இருக்கும் மூலையில் அது எடுபடலாம். காற்று முதுகில் அடிக்கும் நடுக்கரை பெக்கில் அது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

1 மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இடது ஓரத்தில் ஒரு கைப்பிடி போட்டுவந்தேன். 6 மி.மீ. பெல்லட், பத்துப் பன்னிரண்டு சோள மணி, அவ்வளவுதான். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி, இலை காலியாகவும் விடக் கூடாது, போதும் என்று எழுந்து போகவும் விடக் கூடாது. 2 மணி வாக்கில் கோரைத் தண்டு ஒன்று காற்றில்லாமல் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால்டீ நிறத்துக்குக் கலங்கியது, ஒரு வால் நுனி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கை பரபரத்தது. போடவில்லை. பக்கத்துப் பெரியவர் அப்போதே தன் ஓரத்துக்கு இறங்கிவிட்டார். முதல் மீன் வாலில் குத்தி ஓடியது, இரண்டாவது செதிலை மட்டும் முள்ளில் விட்டுவிட்டுப் போனது. அப்புறம் அவர் ஓரம் வெகுநேரம் செத்துக் கிடந்தது. ஆழமில்லாத இடத்தில் ஒரு மீன் மிரண்டால் கூட இருப்பதெல்லாம் போய்விடும். ஒன்றிரண்டு மட்டும் இருக்கும்போது போகக் கூடாது, போட்டி போட்டுத் தின்னும் அளவுக்குச் சேர வேண்டும்.

2.30-க்குப் போனேன். தடித்த எலாஸ்டிக், 0.19 மி.மீ. நரம்பு, முள்ளில் இரண்டு சோளம்.

ஓரத்தில் தக்கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மீன் உடம்பு நரம்பில் உரசும்போது தக்கை சாய்ந்து, மெதுவாக அமுங்கி, மறுபடி எழும். அதற்குத் தூக்கினால் வயிற்றிலோ துடுப்பிலோதான் முள் ஏறும். நிஜக் கடி வேறு. தக்கை இருந்த இடத்தில் இல்லாமலே போகும், நாம் தூக்குவதற்குள் எலாஸ்டிக் வெளியே வந்திருக்கும். நான் தக்கையைவிட போல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி வளைந்தால் மட்டும் தூக்குவது என்று வைத்துக்கொண்டேன். அடியில் மூன்று விரல்கடை நரம்பைத் தரையில் படுக்கவிட்டிருந்ததும் உதவியது. மீன் வாலடித்துத் தண்ணீரைக் கலக்கும்போது இரை மேலே பறந்துவிடாமல் கிடந்தது.

ஏழு மீன் வந்தது, எல்லாம் ஐந்து ஆறு பவுண்டு. வாலில் குத்திப் போனது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் மறுபடி கலங்கும்வரை 5 மீட்டரில் தூண்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கைந்து நிமிஷம் பிடிக்கும். அந்த இடைவெளியைக் குறைக்கவே இல்லை.

இங்கே ஒரு கீப்நெட்டில் 50 பவுண்டுக்கு மேல் போனால் மேலதிக எடை கணக்கில் வராது. வெயில் காலத்தில் மீன் நெருக்கியடித்து மூச்சுத் திணறக் கூடாது என்பதற்கான விதி. அதனால் மீன் போடப் போட எண்ணிப் பொத்தானை அமுக்கும் சின்னக் கருவி எல்லோரிடமும் இருக்கும். 2.30-க்கு என் கணக்கில் 34 பவுண்டு, அத்தோடு அந்த வலையை மூடிவிட்டு இரண்டாவதற்கு மாறினேன். எடைபோட்டபோது முதல் வலை 36 பவுண்டு 2 அவுன்ஸ், இரண்டாவது 38 பவுண்டு 4 அவுன்ஸ். ஆக, ஆறு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வந்தது கடைசி ஒன்றரை மணியில். தராசுக்காரர் எழுதிக்கொண்டே, “இந்த பெக்கிலா?” என்று கேட்டார். செக்‌ஷன் பணம் கையில் வந்தது 30 பவுண்டு. நுழைவுக் கட்டணம் 25. பெல்லட், சோளம், பெட்ரோல் கணக்கை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்ததில் மாற்ற வேண்டியவை: முதல் மணி நேரம். 5 மீட்டரில் கிண்ணத்தில் இறக்காமல் கையாலேயே நான்கைந்து பெல்லட்டாக எறிந்து, சத்தத்தில் மீனைக் கூட்டிப் பார்க்கப் போகிறேன். மேல்மட்டத்துக்குப் போட்ட தக்கை கனம், 0.1 கிராம் ஒன்று கட்ட வேண்டும். ஓரத்துக்கு ஒரே அளவில் இரண்டு தூண்டில் கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒன்று கோரையில் சிக்கியபோது மறுபடி கட்டிய பத்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு மீனாவது வந்திருக்கும். என் செக்‌ஷனில் எனக்கு முன்னால் வந்தவருக்கும் எனக்கும் இடையே இருந்த வித்தியாசம் எடையில் 9 பவுண்டுதான்.